கண்ணை மூடி நாற்பது நிமிடம்

"மூடிக்கோ பாப்பா, நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் சொட்டு மருந்துக் குப்பியோடு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். நாற்பது நிமிடம் ஆகுமாம். கண்மணி நன்றாக விரிந்தால்தான் டாக்டர் உள்ளே பார்க்க முடியுமாம். வைஷாலி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள், எரியுதும்மா என்றாள், எரியும்தான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றேன். எது சரியாகும், எனக்கு என்ன தெரியும், வாய் பாட்டுக்குச் சொல்கிறது. மணி பத்தே முக்கால். மதுரையில் இந்தக் கண்ணாஸ்பத்திரி ஹாலில் எத்தனை பெஞ்சு, எத்தனை பேர், அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், திறந்த கண்ணோடு இருப்பது என்னைப்போல் கூட வந்தவர்கள் மட்டும்தான், அவர்களும் செல்போனில் கண்ணைப் புதைத்திருக்கிறார்கள். எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. சற்று முன்னால் அந்த இருட்டறையில், எழுத்துப் பலகைக்கு எதிரே, வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் படி என்று பார்வை சோதிக்கிற பெண் சொன்னபோது வைஷாலி முதல் எழுத்தைச் சொன்னாள், ப. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரி பாப்பா. ஒன்றுமில்லை. சொல்லு பாப்பா, தெரிஞ்சதைச் சொல்லு. என் பிள்ளை தலையைச் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண் எதையோ எழுதிவிட்டு, டாக்டர் பார்ப்பாங்க, வெளிய உக்காருங்க என்றாள். வலது கண்ணால் கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்தவள். ஒன்றாம் வகுப்பிலேயே பேப்பர் படிப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாதா என்ன. எழுத்துத் தெரியும். அப்படியென்றால் கண்தான்.

வைஷாலி காலை நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இருபது நிமிடம் மடக்கி வைத்தால் முட்டி இறுகிவிடும், பிறகு எழுந்து நாலு தப்படி நொண்டித்தான் சரியாகும். என் மடியில் அவள் வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். முட்டி இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது, தொட்டால் சுடவில்லை. அந்த முட்டியைத் தொட்டுப் பார்த்துப் பார்த்தே என் உள்ளங்கை காய்ச்சல் பார்க்கிற கருவி ஆகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தொட்டுப் பார்க்கத் தெரியாத கைதான் இது. அடிக்கத் தெரிந்த கை. நாலு வயசு அப்போது. காலையில் கக்கூஸில் உட்கார மாட்டேன் என்பாள். நின்றுகொண்டே போவாள், கால் நனையும், உட்காருடி என்றால் உட்கார வரலம்மா என்பாள். நேற்றுவரைக்கும் உட்கார்ந்தவளுக்கு இன்றைக்கு என்ன வராமல் போயிற்று, நாலு வயசிலேயே இத்தனை அழும்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏழேகாலுக்கு ஆபீஸ் வேன் வந்துவிடும், தோளைப் பிடித்து அமுக்கினேன், அவள் வீறிட்டாள், ஒரு அறை விட்டேன். அமுக்கினேன், அறைந்தேன். இரண்டையும் நான்தான் செய்தேன். பதினோரு மணிக்கு பால்வாடியில் போய்ப் பார்த்தால் ஓடிக்கொண்டிருப்பாள். பார்த்தியா, பால்வாடிக்குப் போகாம இருக்கத்தான் நடிப்பு என்றார் இவள் அப்பா. நானும் ஆமாம் என்றேன். காலையில் நொண்டுகிற பிள்ளை மத்தியானம் ஓடினால் அது நடிப்பு இல்லை, அதுதான் நோய் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள். பிறகு முட்டி வீங்கியது, கீழே விழுந்திருப்பாள், சுளுக்கு என்றார்கள், அய்யாத்துரை என்று ஒருத்தர், எங்கள் தெருவில் யாருக்குக் கழுத்துப் பிடித்தாலும் அவர்தான், வேப்பெண்ணெய் போட்டு நீவினார். வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்து வாரம். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன், இவள் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கத்தினால்தான் சுளுக்கு விடும் என்றார் அய்யாத்துரை, அவள் கத்தினாள், நாங்கள் சுளுக்கு விடுகிறது என்று சந்தோஷப்பட்டோம். அவர் நல்ல மனிதர்தான். கடைசி வாரம் அவரே, எனக்குப் பிடிபடலைம்மா, இது சூடா இருக்கு, டாக்டர்ட்ட காட்டுங்க என்றார். பெற்றவளுக்குப் பிடிபடாதது அவருக்கு எப்படிப் பிடிபடும்.

குழந்தைகளுக்கு மூட்டுவாதம் வரும் என்று நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லை. இதே மதுரையில் இன்னொரு ஆஸ்பத்திரியில் அந்த மூட்டு டாக்டர், நரைமுடிக்காரர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். காலையில எந்திரிக்கும்போது எப்படி, மத்தியானம் எப்படி? எத்தனை பேரிடம் காட்டியிருப்போம், ஒருத்தரும் கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார், இரண்டு முட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை எடுத்தார். உடம்பே உடம்பை எதிரியா நெனச்சு அடிக்குதும்மா, வயசானவங்களுக்கு வர்ற தேய்மானம் இல்ல, யார் மேலயும் தப்பு இல்ல என்றார். யார் மேலும் தப்பு இல்லை என்று சொன்ன அந்த மனிதர் காலில் விழலாம்போல் இருந்தது எனக்கு. ஊருக்கு வந்தால் என் மதினி, வாத உடம்பு, தயிர் போடாதே, வாழைப்பழம் கொடுக்காதே, தலைக்கு ஊற்றாதே என்று ஆரம்பித்தார், எட்டு மாதம் தயிரை நிறுத்தினேன், பிள்ளை மோருக்கு ஏங்கினாள். அடுத்த தடவை டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை, கொடும்மா, தயிர் கொடு, அவ எலும்புக்கு அதுதான் வேணும் என்றார். சொன்னதை எல்லாம் கேட்டேன். வாரம் ஒரு நாள் மட்டும் போடுகிற அந்த மஞ்சள் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போட்டேன், அதைப் பார்த்தாலே அவள் குமட்டுவாள், வாந்தி எடுப்பாள், தடவிக்கொடுத்துத் திரும்ப நிற்கவைப்பேன். காலையில் சுடுதண்ணித் துணி ஒற்றி, காலை நீட்டி மடக்கி, எல்லாம் செய்தேன். ஒன்றே ஒன்றைத்தான் விட்டேன். மூட்டு டாக்டர் முதல் நாளே சொன்னார், இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணுலயும் வரும்மா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கண் டாக்டர்ட்ட காட்டியே ஆகணும், செவக்காது, வலிக்காது, தண்ணி வராது, சொல்லாம வரும். சொல்லாமல் வரும் என்றார். இவள் அப்பா வெளியே வந்து பஸ்ஸ்டாப்பில் நின்றுகொண்டு, முட்டிக்கும் கண்ணுக்கும் என்னடி சம்பந்தம், ஆளுக்கு ஆள் அனுப்பிவிடுறாங்க என்றார். நான் அவரை முறைத்தேன். மனசுக்குள் எனக்கும் அதேதான்.

போன சித்திரையில் கடைசியாக வந்தோம். கண் சுத்தமாக இருக்கிறது, ஆடியில் வாருங்கள் என்றார்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவரும், அன்றையிலிருந்து மார்கழி முடிகிறவரைக்கும் சிவகாசியில் எந்த ஆபீஸிலும் லீவு என்ற பேச்சை எடுக்க முடியாது. அச்சாபீஸைத்தான் நாங்கள் ஆபீஸ் என்போம். நான் தேதிக் காலண்டர் செக்‌ஷனில் இருக்கிறேன், ஜனவரி ஒன்றிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும் தாள் வரிசையாக இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்து அட்டையில் ஏற்றுகிற வேலை. இவள் அப்பா மாரீஸ்வரன் இன்னொரு ஆபீஸில் மிஷின்மேன். ஆடியில் போகவில்லை. ஐப்பசியில் தீபாவளி, போகவில்லை. தையில் சீசன் முடிந்தது, அப்போதாவது போயிருக்கலாம், முட்டி நன்றாக இருந்தது, பிள்ளை பொங்கலுக்குக் கோலம் போட்டாள், உட்கார்ந்து போட்டாள், நான் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போய், எல்லாம் விட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தி நினைத்தால் நோய் விட்டுப் போகுமா. போன வாரம் மூட்டு டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, கண் ரிப்போர்ட் எங்கம்மா என்றபோதுதான் மாட்டிக்கொண்டேன். ஒரு வருஷமாச்சேம்மா என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பாப்பாவுக்கு என்னம்மா?" எதிர் பெஞ்சில் ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிய பெரியவர் ஒரு கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவள் காலை நீட்டிவிட்டேன். "கண்ணுல அடி கிடி பட்டுருச்சா?" என்றார். இல்லைங்க, மூட்டுவாதம் என்றேன். அவர் திறந்த கண்ணை இன்னும் திறந்தார். "மூட்டுவாதமா? இத்துணூண்டு பிள்ளைக்கா? எனக்கே இல்லையேம்மா! மூட்டுவாதத்துக்கு எதுக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு வந்தே?" இந்தக் கேள்விக்கு நான் மூன்று வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வேன் டிரைவருக்கு, வகுப்பு டீச்சருக்கு, மதினிக்கு, கூட வேலை பார்க்கிறவர்களுக்கு, அதைச் சொல்லும்போதெல்லாம் டாக்டர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன், செவக்காதுங்க, வலிக்காதுங்க, சொல்லாம வருமுங்க. ஊருக்கெல்லாம் சொன்னேன். இன்றைக்கு இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. தெரியலைங்க என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். உள்ளே போனதும் டாக்டர் கேட்பார், கடைசியா எப்பக் காட்டினீங்க. அதற்கு ஒரு பதில் வேண்டும். காய்ச்சல் என்று சொல்லலாம், யாருக்குக் காய்ச்சல், அவளுக்கு, மூன்று தடவையுமா. ஃபைல் தொலைந்துவிட்டது, இடையில் சிவகாசியிலேயே காட்டினோம், நல்லா இருக்கு என்றார்கள், யார் என்றார்கள், பேர் கேட்பாரே. இவள் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று சொல்லலாமா, சும்மா இருக்கிற மனிதரைப் படுக்கவைத்துவிட்டு. எட்டு மணிக்கு பஸ் ஏறினதிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. பிள்ளைக்குப் பார்வை போகிறதா என்று தெரியவில்லை, நான் யாரிடம் என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்ன மாதிரிப் பொம்பளை நான்.

ஆனால் போகவில்லையே தவிர நான் பார்க்காமல் இல்லை. அதைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பயம் வந்தபோதெல்லாம் வீட்டிலேயே சோதித்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் இல்லாத ஆணி கிடையாது. அவளை ஐந்தடி தள்ளி நிற்கவைத்து, ஒரு கண்ணை என் உள்ளங்கையால் பொத்தி, தாளின் அடியில் கட்டத்துக்குள் எறும்பு எறும்பாக இருக்குமே, அந்தப் பொடி எழுத்தைக் காட்டி, சொல்லு வைசு, இன்னைக்கு ராகுகாலம் எப்ப என்பேன். டக்கென்று சொல்வாள். அடுத்த கண், எமகண்டம் எப்ப. டக்கென்று சொல்வாள். நான் கிட்டப் போய்ச் சரிபார்ப்பேன், ஒரு நிமிடம் பிசகாது. அவ்வளவு பொடி எழுத்தே தெரிகிறது என்றால் கண்ணுக்கு என்ன கேடு என்று அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பேன். இவள் அப்பாகூட, எனக்கே தெரியலைடி, என் மகளுக்குக் கழுகுக் கண்ணு என்பார். போன வெள்ளிக்கிழமை, மூட்டு டாக்டர் கேட்டுவிட்டு வந்த மறுநாள், வலது கண்ணைப் பொத்தினேன், இடது கண்ணுக்குத்தான் சோதனை, பத்தரை டூ பன்னெண்டு என்றாள். சரியாகச் சொன்னாள். ஐந்து நாளில் ஒரு கண் போய்விடுமா? போகாது. அந்த இருட்டறை, அந்தப் பலகை, அந்தப் பெண் அதட்டினது, பிள்ளை பயந்திருப்பாள். வெளிச்சம் பற்றவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பு. காலையில் இரண்டு இட்லிகூட முழுசாகச் சாப்பிடவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டும், இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள், என் பிள்ளை வீட்டில் நன்றாகப் படிப்பாள் என்று. நர்ஸ் வந்து இரண்டாவது தடவை சொட்டு விட்டாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது சின்ன டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணைத் திற பாப்பா. மேலே பார். வலது கண்ணில் கறுப்பு முழுக்கப் பரவி, மையிட்டதுபோல் பெரிதாக வட்டமாக இருந்தது, எனக்கே தெரிந்தது. இடது கண்ணில் டார்ச்சைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மறுபடி வலது, மறுபடி இடது. "இது விரியலையே" என்றாள், எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கறுப்பு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் நெளிந்து, ஒரு பக்கம் மூலை மாதிரி இழுத்துக்கொண்டு, எதிலோ மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. ஏன்ம்மா இப்படி இருக்கு என்றேன். "டாக்டர் சொல்லுவாங்க" என்று இடது கண்ணுக்கு மட்டும் இன்னொரு சொட்டு விட்டுவிட்டு, கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் துடைத்துவிட்டுப் போனாள். துடைத்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு மெதுவாக எதற்குத் துடைக்க வேண்டும். எதிர் பெஞ்சுப் பெரியவரும் பார்த்துவிட்டார், தன் மாத்திரைச் சீட்டைப் புரட்டினார். மணி பதினொன்று இருபது. எழுந்து ஓடிவிடலாமா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போய் பஸ் ஏறி, வீட்டுக்குப் போய், காலண்டர் முன்னால் நிறுத்தி, சொல்லு வைசு என்றால் அவள் டக்கென்று சொல்லிவிடுவாள், எல்லாம் முன்னேபோல் ஆகிவிடும்.

"அம்மா" என்றாள் வைஷாலி, கண் மூடியபடி. என்னடா. "பன்னெண்டுக்குள்ள நம்மளைக் கூப்பிட்டுருவாங்களா?" கூப்பிட்டுருவாங்க, பசிக்குதா? "இல்ல, ராகுகாலம் வந்துரும்ல. பன்னெண்டு டூ ஒண்ணரை." ஆமாம்டா, அதுக்குள்ள கூப்பிட்டுருவாங்க என்று சொல்லி, அவள் முதுகைத் தடவி, இரண்டு தடவை தடவின பிறகுதான் கை நின்றது. அவள் கண்ணை மூடியிருந்தாள். இந்த ஹாலில் காலண்டர் கிடையாது. "வைசு, உனக்கு எப்படிடா தெரியும்?" "இன்னைக்குப் புதன்லம்மா." "புதன்னா?" "புதன்னா பன்னெண்டு டூ ஒண்ணரை. வியாழன்னா ஒண்ணரை டூ மூணு. வெள்ளி பத்தரை டூ பன்னெண்டு. சனிக்கு ஒம்போது டூ பத்தரை. எமகண்டமும் சொல்லவா?" வேண்டாம் என்றேன். "நான் காலண்டர்ல படிக்கச் சொல்லுவேன்ல, அப்ப நீ படிக்க மாட்டியா?" அவள் கண்ணைத் திறக்காமலே புருவத்தைச் சுருக்கினாள், நான் என்னவோ அநியாயமாகப் பேசுகிறேன் என்பதுபோல. "நீ படின்னா சொன்னே? சொல்லுன்னுதானே சொன்னே? எனக்குத் தெரியும், சொன்னேன்." ஆமாம், சொல்லு என்றுதான் சொன்னேன். எப்போதுமே சொல்லு என்றுதான் சொன்னேன். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

பதினாலு வருஷமாகத் தேதித் தாளை அடுக்குகிறவள் நான். முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் மாறுகிறது எல்லாம் மாறும், திதி மாறும், நட்சத்திரம் மாறும், முகூர்த்த நாள் மாறும், ராகுகாலம் மாறாது, அது கிழமைக்குக் கிழமை ஏழே ஏழு நேரம், ஆயுசுக்கும் அவ்வளவுதான். சிவகாசியில் பிறந்த நாய்க்குட்டிக்குக்கூட அது தெரியும். அதை வைத்து என் பிள்ளையின் கண்ணைச் சோதித்தேன். சந்திராஷ்டமம் எந்த நட்சத்திரத்துக்கு என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் அன்றைக்கே முழித்திருப்பாள், அன்றைக்கே தெரிந்திருக்கும். ஏன் கேட்கவில்லை. ஏன் ராகுகாலம். நல்லது பார்க்கிற பழக்கமா, அல்லது, அல்லது அவள் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்ததா, சரியாகச் சொல்லிவிட்டால் மதுரைக்குப் போக வேண்டாம், லீவு கேட்க வேண்டாம், சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டாம், அதற்காக விடை தெரிந்த கேள்வியாகப் பார்த்து என் வாய் பொறுக்கி எடுத்ததா. இல்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. இல்லை என்று எப்படிச் சொல்வேன். கக்கூஸில் அமுக்கினதும் நான்தான், உட்கார வரலம்மா என்று அவள் வாய் திறந்து சொன்னாளே, சொன்னதையே கேட்காதவள்தான் சொல்லாமல் வருவதைக் கண்டுபிடிக்கப் போகிறேனா. ஆடி, ஐப்பசி, தை. ஆடியில் வந்திருந்தால் ஒரு சொட்டு மருந்தில் முடிந்திருக்குமோ. ஐப்பசியில் வந்திருந்தால். அந்த நெளிந்த கறுப்பு எந்த மாதம் நெளிய ஆரம்பித்தது, நான் முத்தம் கொடுத்த அன்றைக்கா, கழுகுக் கண் என்று அவர் சிரித்த அன்றைக்கா. முருகா, என் கண்ணில் ஒன்றை எடுத்துக்கொள், இரண்டையும்கூட எடுத்துக்கொள், எனக்கென்ன, தாளை விரலால் தடவியே அடுக்கிவிடுவேன். யாரிடம் பேரம் பேசுகிறேன். அழுதால் அவளுக்குத் தோள் குலுங்குவது தெரிந்துவிடும், அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் முட்டியை மெதுவாக நீட்டினேன், மடக்கினேன், நீட்டினேன். வலிக்குதா? இல்லம்மா. சொல்லு, வலிச்சா சொல்லணும். வலிக்கலைம்மா, எத்தனை தடவை கேப்பே. மாரீஸ்வரன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், செல்போன் மடியில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. நான் எடுக்கவில்லை.

"வைஷாலி, வயசு ஏழு." எழுந்ததும் அவள் கால் பிடித்துக்கொண்டது, நான்கு தப்படி நொண்டினாள், அப்புறம் நிமிர்ந்தாள். விரிந்த கண் கூசுகிறது என்று ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் சின்ன வயசுப் பெண்மணி, அறை இருட்டாக இருந்தது, ஒரு மிஷினில் பிள்ளையின் தாடையைத் தாங்கவைத்து, நீளமான ஒரு வெளிச்சத்தை இடது கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தவர் என்னிடம் பேசினார், அதட்டவில்லை, ஒவ்வொரு சொல்லாய் எடுத்துவைத்துப் பேசினார். "உள்ள ரொம்ப நாளா அழற்சி இருந்திருக்கும்மா. கண்மணி பின்னாடி இருக்கிற லென்ஸோட போய் ஒட்டிக்கிச்சு, அதான் விரியலை. புரையும் ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கிறோம், மணிக்கு ஒரு தடவை சொட்டு விடணும், மூட்டு டாக்டர்ட்டயும் பேசறேன். இந்தக் கண்ணுல கொஞ்சம் பார்வை திரும்பும். முழுசா வருமான்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. வலது கண்ணு சுத்தமா இருக்கு, அதைக் காப்பாத்தணும்." பிறகு ஃபைலைத் திறந்தார். "கடைசியா எப்பக் காட்டினீங்க?" காய்ச்சல் என்று என் வாய் ஆரம்பித்தே விட்டது, காய்ச்சல்ங்க டாக்டர், அவளுக்கு நடுவில, என்று குழறிக்கொண்டிருந்தபோது அவர் கையமர்த்திவிட்டு, பிள்ளையின் பக்கம் குனிந்தார். "பாப்பா, இந்தக் கண்ணு எத்தனை நாளா இப்படி மங்கலாத் தெரியுது? அம்மாட்ட ஏன் சொல்லலை?"

"மங்கல்லாம் இல்ல டாக்டர்" என்றாள் வைஷாலி. "அது பீச்சாங்கண்ணு."

டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் களுக்கென்று சிரித்தாள்.

"பீச்சாங்கையால எழுத வருமா? வராதுல்ல. சோத்தாங்கையாலதான் எழுத வரும். அது மாதிரிதான். சோத்தாங்கண்ணுலதான் எல்லாம் தெரியும், பீச்சாங்கண்ணு சும்மா கூட இருக்கும்" என்று விளக்கமாகச் சொன்னாள், டாக்டருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவள் குரலில் ஒரு பெருமை. சிரித்த பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் மிஷினில் இருந்து கையை எடுத்து, என் பிள்ளையின் தலையில் வைத்து, அப்படியே வைத்திருந்தார். எனக்குள் அடுக்கி வைத்திருந்த காய்ச்சல், தொலைந்த ஃபைல், சிவகாசி டாக்டர், ஒன்றும் இல்லை, எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "சித்திரையில காட்டினோம் டாக்டர்" என்றேன். "அதுக்கப்புறம் மூணு தடவை வரலை. காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் கூட்டிட்டு வரலை." அவர் அதை எழுதிக்கொண்டார். நான் அழுவது இருட்டில் தெரியாது என்று நினைத்தேன்.

வைஷாலி என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "உனக்கும் அப்படித்தானம்மா? உன் பீச்சாங்கண்ணும் சும்மாதான இருக்கும்?"

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். அவள் கன்னத்தில் காய்ந்த மருந்துக் கோடு தெரிந்தது, சட்டைப் பித்தான் தெரிந்தது, டாக்டர் எழுதுகிற சீட்டில் மையின் ஈரம்கூடத் தெரிந்தது.

"இல்லடா" என்றேன். "எனக்கு ரெண்டுலயும் நல்லாத் தெரியுது."

அவளும் வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப எனக்கு மட்டுந்தானாம்மா?"